ஊரை ஆராய்ந்த மாணவர்: சிலேற்றர் தொடக்கிய கிராம ஆய்வும் அதன் பின்வந்தனவும்

பொருளியல் என்னும் கலை கீழைத்தேயக் கல்லூரிகளிற் புகுந்த காலத்தில் ஆங்கில நூல்களின் வாயிலாகவே புகுந்தது. மாணவர் இலண்டன் நாணயச் சந்தையின் இயல்பினையும் இலங்காசயர்ப் பருத்தியாலைகளின் வரலாற்றினையும் மனனஞ் செய்து பரீட்சையிற் சித்தியெய்தினர். தம் தந்தையார் குத்தகைக்கு விட்ட வயலின் விளைவு எவ்வாறு பங்கிடப்படுகின்றது, அவ்வயலில் நாற்று நட்டவளுக்கு அளக்கப்பட்ட கூலி எவ்வளவு, அக்கூலி ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாளைக்குப் போதும் என்னும் வினாக்களை அவர்களிடம் எவருங் கேட்டிலர். கேட்டிருப்பின் விடையிறுத்தல் பலர்க்கு அரிதாயிருந்திருக்கும். ஊரிற் பிறந்து வளர்ந்தோர் ஊரை நன்கறிவர் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். ஆயின் நாள்தோறும் கண்ணிற் படுகின்ற பொருளே கருத்திற் படாது ஒழிவதும் உலகியல்பு. கிணற்றடியில் யார் நீர் மொள்கின்றனர், யார் சற்றுத் தொலைவிற் காத்து நிற்கின்றனர் என்பதை ஆயிரமுறை கண்டவன், ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்திருப்பான் என்பது உறுதியன்று.

இளைஞரை அவர்தம் சூழலையே ஆராயுமாறு ஏவி, அவ்வாராய்ச்சியினாற் சமூகத்தின் நிலையை அறிய முயன்ற திட்டங்கள் சென்ற நூற்றாண்டில் உலகின் பல பாகங்களிலும் தோன்றின. தென்னாசியாவில் அவற்றுள் காலத்தால் முற்பட்டதும் நெடும்பயன் விளைத்ததுமான ஒன்று, தமிழ்நாட்டிலே 1916ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அம்முயற்சியின் வரலாற்றையும், அதன் பின்வந்த சில முயற்சிகளையும் ஒப்புநோக்குவார்க்கு இரு வினாக்கள் மேலெழுந்து தோன்றும். ஊரைப் பற்றி வினவுகின்றவன் யார் என்பது ஒன்று. வினவிப் பெற்ற அறிவு யாரிடஞ் சென்று சேர்கின்றது என்பது மற்றொன்று. இவ்விரண்டினையும் பொறுத்தே இத்தகைய ஆராய்ச்சியின் தகுதி அமைகின்றது.

சென்னையில் எழுந்த முயற்சி

கில்பேட் சிலேற்றர் என்பவர் 1864இற் பிறந்த ஆங்கிலப் பொருளியலறிஞர். இங்கிலாந்தின் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியுடைமையான வரலாற்றையும், அதனால் அந்நாட்டு உழவர் அடைந்த நிலையையும் ஆராய்ந்து 1907இல் ஒரு நூல் வெளியிட்டவர். தொழிலாளர்க்கு உயர்கல்வி அளித்தற்பொருட்டு ஒக்ஸ்போர்ட் நகரில் நிறுவப்பட்ட இரஸ்கின் கல்லூரியில் 1909 முதல் 1915 வரை அதிபராயிருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளியலுக்கென முதன்முதலாக ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியபோது, அப்பதவிக்கு 1915இல் அவர் நியமிக்கப்பட்டார். நிலத்தை இழந்த உழவர் பற்றியும், கல்வி வாய்ப்பற்ற தொழிலாளர் பற்றியும் முன்னரே சிந்தித்திருந்த ஒருவர் இந்தியாவுக்கு வந்ததும் கிராமத்தை நோக்கியது வியப்பன்று.

ஆயின் நோக்குவது எவ்வாறு? அவர் அந்நிய நாட்டவர். தமிழ், தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகளிற் பயிற்சியில்லாதவர். ஆட்சியாளரின் இனத்தைச் சேர்ந்த ஒருவர் தொப்பியணிந்து ஊருக்குட் சென்று வருவாயைக் கேட்டால், வரி விதிக்க வந்தவரென்றே குடியானவர் ஐயுறுவர். எனவே அவர் தம் மாணவரையே ஆய்வாளராக்கினார். அச்சிட்ட வினாக்கொத்து ஒன்றினை அவர்களிடம் அளித்து, விடுமுறையில் தத்தம் ஊரை ஆராய்ந்து அறிக்கை எழுதி வருமாறு பணித்தார். குடிகளின் தொகை, அவர்கள் செய்யுந் தொழில்கள், நிலம் எவரெவர் கையில் எவ்வளவு உள்ளது என்பது, குத்தகை முறை, பயிர்கள், கூலி, கடன், கைத்தொழில், கல்வி முதலியன பற்றிய விபரங்கள் அவ்வறிக்கைகளில் இடம்பெற்றன. அவற்றுட் சிறந்தவற்றைத் தொகுத்துச் சிலேற்றர் 1918இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்னும் பெயருடைய ஆங்கில நூலாக வெளியிட்டார். தமிழ்நாட்டு ஊர்களாகிய இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் என்பன அந்நூலின் வாயிலாகவே ஆராய்ச்சியுலகிற் பெயர்பெற்றன.

அக்காலத்தில் இத்தகைய ஆர்வம் சென்னையில் மட்டும் தோன்றியதன்று. பூனா விவசாயக் கல்லூரியைச் சார்ந்த ஹரோல்ட் மான் என்பவர், தக்கணத்துக் கிராமமொன்றின் நிலத்தையும் உழைப்பையும் பற்றிய தமது ஆய்வை 1917இல் வெளியிட்டார். அவ்வாய்வு தேர்ந்த அறிஞரொருவர் தலைமையில் ஓரூரை ஆழ்ந்து நோக்கியது. சிலேற்றரின் முறையோ இளைஞர் பலரைப் பல ஊர்களுக்கு அனுப்பியது. ஆழத்தில் முன்னது மேம்பட்டதெனினும், ஒரு தலைமுறை மாணவரைப் பழக்கியதிற் பின்னது மேம்பட்டது.

மீளாய்வுகள் காட்டிய மாற்றம்

சிலேற்றர் 1921இற் சென்னையை விட்டு நீங்கினார். அம்மாணவர் எழுதிய அறிக்கைகள் ஒரு பேராசிரியரின் கல்விப் பயிற்சியாக மட்டும் நின்றிருப்பின் காலப்போக்கில் மறக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு நிலைபேறு அளித்தது யாதெனின், அவ்வூர்களுக்கு மீண்டும் மீண்டும் ஆய்வாளர் சென்றமையேயாம்.

பேராசிரியர் பி. ஜே. தோமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோரின் தலைமையில் 1936–37இல் முதன் மீளாய்வு நடைபெற்று, அதன் அறிக்கை 1940இல் நூலாக வெளிவந்தது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தினால் விளைபொருள்களின் விலை வீழ்ச்சியுற்ற காலத்தின் பின்னர் நிகழ்ந்தமையால், அவ்வீழ்ச்சி கிராமத்து மக்களைத் தாக்கியவாற்றை அம்மீளாய்வு காட்டவல்லதாயிற்று. 1961இல் மறுபடியும் ஆய்வு நடந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு மார்கிரற் ஹஸ்வெல் 1967இல் ஒரு நூல் எழுதினார். 1980களிற் சென்னை அபிவிருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர் இவ்வூர்களுட் சிலவற்றுக்கு மீண்டுஞ் சென்றனர். இருவேல்பட்டினை எஸ். குகனும் யோன் மென்சரும் ஆராய்ந்து 1983இற் கட்டுரை வெளியிட்டனர். 2008இல் யோன் ஹரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவரும் அதே ஊரை ஆராய்ந்து, தம் முடிபுகளை 2010இல் வெளியிட்டனர்.

இவ்வாறு இருவேல்பட்டு என்னும் ஓரூர், 1916இலிருந்து 2008 வரையுள்ள தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளில் ஐந்து முறை ஆராயப்பட்டது. முதல் ஆய்வின்போது நிலத்திற் பெரும்பகுதி ஒரு பெருங்குடும்பத்தின் ஆதிக்கத்தில் இருந்தது. படியாட்கள் என்னும் உழைப்பாளர், திருமணம் முதலிய செலவுகட்காகப் பெற்ற கடனாற் பிணிக்கப்பட்டு, அளந்து கொடுக்கப்பட்ட தானியத்தைக் கூலியாகப் பெற்று நிலவுடையாரிடம் வேலை செய்தனர். நூற்றாண்டின் இறுதியில் அப்பிணிப்பு அற்றொழிந்தது. பெருங்குடும்பத்தின் நிலமும் செல்வாக்கும் சுருங்கின. நீரிறைக்கும் பம்பிகளும் உழவு யந்திரங்களும் வந்தன. வயலை விட்டு வேறு தொழில்களுக்குச் செல்வோர் தொகை பெருகிற்று. ஒடுக்கப்பட்டிருந்த மக்கள் ஊர்ப் பெரியவரை எதிர்பார்த்து வாழும் நிலையிலிருந்து பெரிதும் விடுபட்டனர். எனினும் நிலமின்மை அவர்களை விட்டு முற்றாக அகன்றுவிடவில்லை.

இம்மாற்றங்களை நூறாண்டு வாழ்ந்த முதியவர் ஒருவர் நினைவிலிருந்து கூறியிருப்பின், அது கேட்டற்கினிய கதையாயிருந்திருக்கும். ஆயின் எது எவ்வளவு மாறிற்று, எக்காலத்தில் விரைந்து மாறிற்று என்பதை அளந்து கூற நினைவு உதவாது. விடுமுறைக்கு ஊர் சென்ற ஒரு மாணவன் தாளிற் பதித்த எண்களே அதற்கு உதவின. தான் எழுதியது நூறாண்டின் பின்னும் எடுத்து ஒப்பிடப்படும் என்பதை அவன் எண்ணியிருக்க மாட்டான்.

வினவுவோன் நின்ற இடம்

சிலேற்றரின் முயற்சியைப் போற்றுமிடத்து அதன் குறைகளையும் மறைத்தல் ஆகாது. 1916இற் பல்கலைக்கழகம் வரை சென்று பயிலும் வாய்ப்புப் பெற்றோர் மிகச் சிலர். அவர்கள் பெரும்பாலும் நிலமும் சாதி உயர்வும் உடைய குடும்பங்களின் ஆண்மக்கள். இருவேல்பட்டினை ஆராய்ந்த மாணவரும் அவ்வூரின் நிலவுடைமைக் குடும்பத்தைச் சேர்ந்தவரே. எனவே கிராமம் முதன்முறை எழுத்திற் பதியப்பட்டபோது, உழுவித்தவன் கண்கொண்டே அது பதியப்பட்டது.

இதனாற் பல விளைவுகள் உளவாயின. முதலாவதாக, ஆராயப்பட்ட ஊர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களனைத்துக்கும் மாதிரியாக அமைந்தவை எனக் கொள்ளல் இயலாது. தன் மகனைச் சென்னைக்கு அனுப்பிப் படிப்பிக்க வல்ல குடும்பமொன்று இருந்த ஊர் மட்டுமே அத்தொகுதியில் இடம்பெறுதல் கூடும். இரண்டாவதாக, தன் தந்தையிடம் கடன்பட்டவன் தன் கடன் பற்றி அம்மகனுக்குக் கூறிய விடை எத்துணை நேர்மையானது என்பது ஐயத்துக்குரியது. மூன்றாவதாக, அடுப்படியிலும் வயலிலும் உழைத்த பெண்களிடம் அயல் வீட்டு இளைஞன் ஒருவன் சென்று வினவுதற்கு அக்கால வழக்கம் இடந்தரவில்லை. குடும்பத்தின் உணவையும் செலவையும் அவற்றை நடத்தியவளிடமன்றி அவள் கணவனிடமே கேட்டறிய வேண்டியதாயிற்று.

இக்குறைகளாற் பழைய அறிக்கைகள் பயனற்றுப் போயின எனல் பொருந்தாது. படியாட்களின் நிலை அவற்றில் மறைக்கப்படவில்லை. பிற்காலத்தார் அதனை அறிந்தது அவற்றின் வாயிலாகவே. ஆயினும் அவற்றைப் படிப்போர், ஒவ்வொரு விடையின் பின்னும் கேட்டவன் யார், சொன்னவன் யார் என்பதை நினைவிற் கொண்டே படித்தல் வேண்டும்.

குஜராத்திலும் கண்டியிலும்

மாணவரின் ஆய்வு ஒரு மக்கட் கோரிக்கைக்கு ஆதாரமாகும் என்பதைக் காட்டியவர் ஜே. சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892இற் பிறந்த தமிழராகிய இவர், இலண்டனிற் கணக்காய்வும் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பொருளியலும் பயின்றவர். 1929இற் காந்தியடிகளைச் சந்தித்த பின்னர், அவர் நிறுவிய குஜராத் வித்தியாபீடத்திற் பணியாற்றச் சென்றார். கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தின் கிராமங்களை அவ்வித்தியாபீடத்து மாணவரின் துணையுடன் ஆராய்ந்தார். அவ்வாய்வின் அறிக்கை 1931இல் வெளியாயிற்று. குடியானவரின் வரவையும் செலவையும் குடும்பம் குடும்பமாகக் கணக்கிட்டு, அவர் தாங்கிய நிலவரியின் பாரத்தை அது எடுத்துக்காட்டிற்று. சிலேற்றரின் மாணவர் தத்தம் ஊரிலேயே நின்று வினவினர். குமரப்பாவின் மாணவர் தமக்கு அயலான ஊர்கட்கு நடந்து சென்று வினவினர். ஊர்ப் பெரியவரின் மகன் என்னும் தடை இவர்கட்கு இல்லை. அதற்கு மாறாக, அயலான் என்னும் ஐயத்தைப் பழகிப் போக்க வேண்டிய கடமை இவர்கட்கு இருந்தது.

இலங்கையிலும் இத்துறை நெடுங்காலத்துக்கு முன்னரே வேரூன்றிற்று. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சமூகவியலைக் கற்பித்த பிறைஸ் றையன் என்னும் அமெரிக்க அறிஞர், சிங்களக் கிராமமொன்றைப் பற்றி 1958இல் வெளியிட்ட நூலில், தம்மோடுழைத்த உள்நாட்டு ஆய்வாளர் இருவரின் பெயர்களையும் தம் பெயருடன் சேர்த்தே வெளியிட்டார். அதற்கு முன்னைய ஆண்டில், பல்கலைக்கழகக் கலைப்பீடம் நடத்திய சமூக பொருளாதார ஆய்வொன்றின் அறிக்கை வெளிவந்தது. கண்டியை அடுத்த பாத்ததும்பறைக் கிராமங்களைப் பற்றிய அவ்வறிக்கையை எழுதியோர் என். கே. சார்க்கார், எஸ். ஜே. தம்பையா ஆகிய இருவர். ‘சிதைந்துவரும் கிராமம்’ எனப் பொருள்படும் அதன் தலைப்பே முடிபைக் கூறிவிடும். பேராதனையிலிருந்து பார்க்கின் கண்டி நாட்டுக் கிராமங்கள் பசுமையும் அமைதியும் உடையனவாய்த் தோன்றும். நிலமற்றோர் தொகையையும் துண்டு துண்டாகிய காணிகளையும் எண்ணிக் கணக்கிட்டபோதே அப்பசுமையின் உட்பட்ட வறுமை புலனாயிற்று. அப்பொழுது முப்பது வயதையும் எட்டாதிருந்த தம்பையா, பின்னர் உலகப் புகழ்பெற்ற மானிடவியலறிஞராகி, ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கினார். கிராமத்தின் வாசற்படியிற் கையிற் படிவத்துடன் நின்ற பயிற்சி அவர்தம் பெரும்புலமைக்கு முற்பட்டது என்பது மாணவர் கருதத்தக்கது.

ஆராயும் உரிமை

மேற்கூறிய முயற்சிகளனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஆராய்வோர் பல்கலைக்கழகத்தவர், ஆராயப்படுவோர் அப்பல்கலைக்கழகத்தின் வாயிலையே கண்டறியாதவர். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மும்பாயில் எழுந்த ஒரு முயற்சி இவ்வேறுபாட்டினையே நீக்க முயன்றது. மும்பாயிற் பிறந்து அமெரிக்காவிற் பேராசிரியராகிய மானிடவியலறிஞர் அர்ஜுன் அப்பாதுரை முதலியோரால் நிறுவப்பட்ட ‘புக்கார்’ என்னும் அமைப்பு, நகரத்து இளைஞரைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, அவரவர் வாழ்வைத் தொடுகின்ற பொருளொன்றினைத் தாமே தெரிந்து ஆராய்வதற்குப் பயிற்சி அளித்தது. பட்டம் பெற்றோரும் பள்ளிப்படிப்பை இடையில் விட்டோரும் ஒரே குழுவில் இடம்பெற்றனர். இத்தகையோர் ‘வெறுங்கால் ஆய்வாளர்’ என அழைக்கப்பட்டனர். புக்கார் என்னும் இந்திச் சொல்லுக்கு அழைக்குங் குரல் என்பது பொருள்.

இம்முயற்சிக்கு அடிப்படையான கருத்தினை அப்பாதுரை 2006இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் விளக்கினார். அதன் சாரம் வருமாறு: ஆராய்ச்சி என்பது கற்றுத் தேர்ந்த சிலரின் தனித்தொழிலாக மட்டும் இருத்தல் தகாது. தனக்கு வேண்டியதும் ஆயின் தான் இன்னும் அறியாததுமான ஒன்றை முறையாகத் தேடி அறியும் ஆற்றல் ஒவ்வொரு குடிமகனுக்கும் இன்றியமையாதது. உலகம் விரைந்து மாறுங் காலத்தில் இவ்வாற்றல் இல்லாதவன், பிறர் தன்னைப் பற்றிக் கூறுவதை ஏற்று வாழ நேரும். ஆதலின் ஆராய்தல் ஓர் உரிமையாகும்.

இக்கருத்து வெறும் ஏட்டளவில் நின்றதன்று. மும்பாய்த் துறைமுகத்தை அடுத்த காவ்லா பந்தர் என்னும் சேரி, அரசினால் முறையாக அங்கீகரிக்கப்படாத குடியிருப்பாக இருந்தது. அங்கீகாரம் இன்மையால் மாநகராட்சியின் குடிநீர்க் குழாயும் மலசலகூட வசதியும் பெறும் உரிமை அதற்கு இல்லாதிருந்தது. புக்கார் அமைப்பின் ஆய்வாளர் வெளிநாட்டு மருத்துவ அறிஞருடன் சேர்ந்து அச்சேரியை வீடு வீடாக ஆராய்ந்தனர். அம்மக்கள் தனியாரிடம் இறப்பர்க் குழாய்வழி வாங்கிய நீருக்கு, நகரின் ஏனையோர் மாநகராட்சிக்குச் செலுத்திய கட்டணத்திலும் பன்மடங்கு செலுத்தினர் என்பதும், சட்டத்தின் கண்ணிற் படாமை உடல்நலத்தையே பாதித்தது என்பதும் 2012இல் வெளியான ஆய்வுக் கட்டுரையால் நிறுவப்பட்டன. வறியவர் குறைந்த விலையில் வாழ்கின்றனர் என்னும் பொது எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அப்பிழையை வெளிப்படுத்தற்கு, குடத்துடன் வரிசையில் நின்றறிந்தோர் கையிலேயே படிவமும் கொடுக்கப்பட வேண்டியிருந்தது.

ஆய்வின் நெறி

சூழலில் வாழ்ந்த அனுபவம் ஒன்றே ஆராய்ச்சியாகிவிடும் எனக் கொள்ளலாகாது. அனுபவம் வினாவைத் தரும். விடையை முறையே தரும். கல்லூரி மாணவர் ஓரூரை ஆராயப் புகின், கைக்கொள்ளத்தக்க நெறிகளுட் சில ஈண்டுக் கூறப்படும்.

முதலாவது, ஊரின் எல்லையையும் குடும்பங்களின் முழுத்தொகையையும் வரையறுத்தல். வீதியோரத்து வீடுகளை மட்டும் எண்ணி, வயலுக்கப்பாலும் கடற்கரையோரத்தும் உள்ள குடிசைகளை விட்டுவிடின், ஊர் உள்ளதைவிடச் செல்வமுடையதாய்த் தோன்றும். ஊரின் படமொன்றைத் தாமே வரைந்து ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமிடுதல் இப்பிழையைத் தவிர்க்கும்.

இரண்டாவது, அளவைகளைத் தெளிதல். யாழ்ப்பாணத்து உறுதிகளிற் பரப்பு என்னும் அளவை நெல்லுக்கு வேறாகவும் வரகுக்கு வேறாகவும் கொள்ளப்படும். இதனை அறியாது இரண்டையுங் கூட்டுவோன் இல்லாத நிலத்தை உண்டாக்குவான். அல்லது உள்ள நிலத்தை மறையச் செய்வான். தானியமாக அளக்கப்பட்ட கூலியும் இவ்வாறே. எந்தக் கொத்தால், யாருடைய கொத்தால் அளக்கப்பட்டது என்பதைக் கண்டு, இயலுமாயின் அதனை நிறுத்தும் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, ஒரு விடையை மற்றொன்றாற் சோதித்தல். குடும்பங்கள் தமக்குளவெனக் கூறிய காணிகளனைத்தையும் கூட்டி, அத்தொகையை ஊரின் முழு நிலப்பரப்போடு ஒப்பிடின், பலவிடங்களிற் குறைவு தோன்றும். அக்குறைவு கூட்டற்பிழையாகலாம், அல்லது அந்நிலம் ஊரில் வாழாத ஒருவர்க்கு உரியதாகலாம். பின்னதாயின் அதுவே ஆய்வின் முதன்மையான முடிபாதலுங் கூடும். பள்ளியின் வரவுப் புத்தகத்திற் பெயருடைய பிள்ளைகளையும் பள்ளி நேரத்தில் வயலிலும் வீட்டிலும் காணப்படும் பிள்ளைகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் இதற்கு மற்றொரு உதாரணம்.

நான்காவது, கேட்கும் விதம். ‘உமக்குக் கடன் உண்டா?’ என வாசலில் நின்று கேட்பவனுக்கு ‘இல்லை’ என்னும் விடையே கிடைக்கும். சென்ற ஆண்டு நிகழ்ந்த திருமணம், நோய், மாடு வாங்கியமை, கூரை வேய்ந்தமை ஆகியவற்றைப் பற்றி ஆறுதலாக உரையாடி, அச்செலவுக்குப் பணம் வந்த வழியைக் கேட்பின் உண்மை தானே வெளிப்படும். பெண்களிடம் பெண்களே கேட்கத்தக்கவாறு குழுக்களை அமைத்தலும் வேண்டும். 1916இல் இயலாதிருந்த இதனை இன்றைய கல்லூரிகள் எளிதிற் செய்யலாம்.

ஐந்தாவது, நம்பிக்கையைக் காத்தல். ஒருவன் தன் வறுமையை மற்றொருவனுக்குக் கூறுதல் எளிதன்று. கூறியதை ஊரவர் அறியச் செய்யின், அவனுக்கு மானக்கேடும் சிலபோது கூலியிழப்பும் நேரும். ஆதலின் அறிக்கையிற் குடும்பங்களின் பெயர்கள் வெளிப்படலாகாது. கூற விரும்பாதவனை வற்புறுத்தலும் முறையன்று.

கண்டது யாரிடம் மீள்கின்றது

இனி எஞ்சியுள்ளது இரண்டாவது வினா. சிலேற்றரின் நூல் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டது. அதிற் கூறப்பட்ட படியாள் அதனைப் படித்திருத்தல் இயலாது; அவன் மகனும் படித்திரான். தன்னைப் பற்றி எழுதப்பட்டது என்பதையே அவன் அறிந்திருப்பான் எனக் கூறுதற்கில்லை. பல்கலைக்கழகம் அறிந்தது, ஊர் அறிந்திலது. குமரப்பாவின் ஆய்வு இதனின் ஒருபடி மேற்சென்று, ஆராயப்பட்டோரின் குறையை ஆட்சியாளர் முன் வைத்தது. மும்பாய் முயற்சி மேலும் ஒருபடி சென்று, குறையுடையோரையே அதனைக் கூற வல்லோராக்கிற்று. இம்மூன்றினையும் தொடர்ந்து நோக்கின், அறிவு மெல்ல மெல்லத் தான் பிறந்த இடத்துக்குத் திரும்பி வருதல் காணப்படும்.

இத்திரும்புதல் தானாக நிகழ்வதன்று. ஆய்வு முடிந்ததும் அறிக்கையைப் பேராசிரியரிடம் ஒப்படைத்துப் புள்ளி பெறுவதோடு மாணவரின் கடமை முற்றுப்பெறுமாயின், ஊரவர் தம் பொழுதை இழந்ததே மிச்சமாகும். கண்டவற்றை எளிய தமிழில் எழுதி, சனசமூக நிலையத்திலோ கோயில் முன்றலிலோ ஊரவரைக் கூட்டிப் படித்துக் காட்டுதல் இரு பயன்களை விளைக்கும். பிழைகளை ஊரவர் அவ்விடத்திலேயே திருத்துவர்; ஆய்வு செப்பமடையும். தனித்தனியே தம் குறையெனக் கருதியிருந்தது நாற்பது வீட்டாரின் பொதுக்குறை என்பதை அவர்கள் கண்டுகொள்வர். அதனைக் கேட்டுப் பெறும் வலிமை அவர்கட்குப் பிறக்கும். படிவங்களையும் படத்தையும் கல்லூரி நூல்நிலையத்திற் பத்திரமாக வைத்தல் மூன்றாவது பயனுக்கு வித்தாகும். இருபது ஆண்டின் பின்வரும் மாணவர் அவற்றைக் கையிற்கொண்டு அதே வாசல்களுக்குச் சென்று, எது மாறிற்று, எது மாறவில்லை என வினவுதல் கூடும்.

போரினாலும் இடப்பெயர்வினாலும் கடல்கடந்த குடிபெயர்வினாலும் உருமாறிய ஊர்கள் ஈழத்திற் பல. அவற்றின் முன்னைய நிலையைக் கூறவல்ல முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். எத்தனை கிணறுகள் தூர்ந்தன, எத்தனை காணிகள் உரியவரின்றிக் கிடக்கின்றன, வயலை விட்டவர் எத்தொழிலை அடைந்தனர் என்பனவற்றை எண்ணிப் பதிதற்கு வேற்று நாட்டறிஞர் வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. வினாக்கொத்து ஒன்றும், நேர்மையான கணக்கும், சொன்னதைக் காக்கும் நாணயமும், கண்டதை ஊருக்கே மீட்டளிக்கும் மனமும் உள்ளவிடத்து, விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் குழுவொன்றே அப்பணிக்குப் போதுமானது. தொண்ணூற்றிரண்டு ஆண்டு வரலாற்றை உலகுக்கு அளித்த இருவேல்பட்டு ஆய்வும் அத்தகைய ஒரு விடுமுறையிலேயே தொடங்கிற்று.